படிக்கட்டை இடிக்காதீர்!

"பள்ளிக்கூடம் எதற்கு? கரும்பலகை எதற்கு? பாடம் சொல்ல ஊருக்கு ஓர் ஆசிரியர் எதற்கு? உள்ளங்கையில் அடங்கும் கைபேசி இருக்கிறது; அதனுள்ளே உலகத்து நூலகங்களெல்லாம் இருக்கின்றன; உலகின் தலைசிறந்த பேராசிரியர்கள் உன் வீட்டுக் கூடத்திலேயே வந்து நின்று பேசுவர்! இன்னுமா ஓட்டுக் கட்டடமும் ஒடிந்த பெஞ்சும்?" — இப்படிப் பேசுகின்றனர், பெருநகரத்துக் குளிரறைகளிலே கூடியமர்ந்து நாட்டின் கல்விக்கு நாள் குறிக்கும் நல்லவர்கள்.

பேச்சு இனிக்கிறது, கேட்போர் கை தட்டுகின்றனர். தட்டும் கைகளிலே, தார் சுற்றித் தழும்பேறிய கை ஒன்றேனும் உண்டா என்று தேடிப் பார்க்கிறோம். இல்லை! அந்தக் கைக்குரியவன் அழைக்கப்படவில்லை. அவன் பிள்ளையின் எதிர்காலம், அவன் இல்லாத இடத்திலே தீர்மானிக்கப்படுகிறது. எனவேதான், தறிச் சத்தம் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், சென்னிமலையிலிருந்து இந்தப் பேச்சுக்கு மறுமொழி எழுத வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். நாம் பொறியின் பகைவர் அல்லர். மின்விளக்கைக் கண்டு மிரண்டு, அகல்விளக்கே ஆன்றோர் விளக்கு என்று புலம்பும் பழமைக் கூட்டத்திலே நமக்கு இடமுமில்லை, விருப்பமுமில்லை. 1940-களிலேயே பெரியார், 'இனிவரும் உலகம்' என்ற கட்டுரையிலே, தொலைவிலுள்ளோரை முகம் பார்த்துப் பேசும் கருவி பெருகும் என்றார். ஆசிரியர் ஓரூரில் இருக்க, மாணவர் பலவூரில் இருந்து பாடம் கேட்கும் காலமும் வரும் என்று கணித்தார். வானொலிப் பெட்டியே செல்வர் வீட்டு அலங்காரமாக விளங்கிய நாளில் செய்த கணிப்பு அது! 1999-ல் சென்னையிலே கூடிய தமிழ்இணையம் மாநாடு, கணிப்பொறி விசைப்பலகையில் தமிழுக்கு ஓர் ஒழுங்கு தந்தது. 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. 2011-ல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர் கைகளுக்கு மடிக்கணினி வந்தது. ஆட்சிகள் மாறின, எனினும் புதுமைக்குக் கதவடைத்த ஆட்சி இங்கு ஏதுமில்லை.

ஆனால், பெரியார் கண்ட அந்த உலகம் எத்தகையது என்பதை மறந்துவிடலாகாது. உடைமையிலே உயர்வு தாழ்வு ஒழிந்த உலகம் அது. கருவி எல்லார்க்கும் பொதுவான உலகம் அது. அந்த உலகத்திலிருந்து கருவியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, சமத்துவத்தைக் குப்பையிலே வீசிவிட்டு, "பாரீர், முன்னேற்றம்!" என்று முழங்குகின்றனரே, அவர்களோடுதான் நமது வழக்கு.

மலையும் வழியும்

எம் ஊர் மலைக்கு 1,320 படிகள் உண்டு. உச்சிவரை வண்டி செல்லும் சாலையும் உண்டு. உச்சியில் இருப்பது குறித்து நமக்கும் பக்தர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்கக்கூடும்; அதனை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்று நாம் பேசுவது வழியைப் பற்றி மட்டுமே. வண்டி உடையவன் சாலையிலே போகட்டும். முழங்கால் வலிக்கும் மூதாட்டி பேருந்திலே போகட்டும். அதைக் கண்டு நாம் முகம் சுளிக்கவில்லை. ஆனால், "சாலைதான் வந்துவிட்டதே, இனிப் படிக்கட்டு எதற்கு? இடித்துத் தள்ளுங்கள், கல்லை விற்று விடலாம்" என்று ஒருவன் கூறுவானேயாகில், அவனை அறிவாளி என்பீர்களா, அடாதவன் என்பீர்களா? வண்டியில்லாதவனை மலையடிவாரத்திலேயே நிறுத்திவிடும் சதி அது என்று சொல்லமாட்டீர்களா?

பள்ளிக்கூடம் என்பது ஏழையின் படிக்கட்டு. ஒவ்வொரு படியாக, மூச்சு வாங்க, கால் கடுக்க ஏறினாலும், ஏறியே தீரலாம் என்ற உறுதியை அது தருகிறது. இணையவழிக் கல்வி சாலை. சாலை வரட்டும், வரவேற்போம். அதைக் காட்டிப் படிக்கட்டை இடிக்க முற்படுவோரை எதிர்ப்போம். இக்கட்டுரையின் சாரம் இவ்வளவே. இது வெறும் அச்சமா, ஆதாரமுள்ள ஐயமா என்பதை இனிக் காண்போம்.

படிக்கட்டு மூடிய நாட்கள்

2020 மார்ச்சில் கொள்ளைநோயை முன்னிட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. உயிர் காக்க மூடினர். அதிலே குற்றம் காண்பதற்கில்லை. மூடிய கதவு திறக்க எத்தனை காலம் ஆயிற்று? 2021 சனவரி 19-ல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் திறந்தது. மார்ச்சிலே மறுபடியும் மூடியது. செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கோ 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. பத்தொன்பது மாதங்களுக்கும் மேல்! 2020 சூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட குழந்தை, வகுப்பறை எப்படி இருக்கும் என்று பார்த்தபோது இரண்டாம் வகுப்பிலே இருந்தது.

அந்தப் பத்தொன்பது மாதமும் சாலை ஒன்றே வழி. சாலையிலே யார் போனார்கள்? கொள்ளைநோய்க்கு முன்பே, 2017-18-ல், நடுவண் அரசின் மாதிரிக் கணக்கெடுப்பு எடுத்துச் சொல்லியிருந்தது: இந்திய நாட்டிலே கணிப்பொறி உள்ள வீடுகள் நூற்றுக்கு ஏறத்தாழ 11, இணைய வசதியுள்ளவை நூற்றுக்கு ஏறத்தாழ 24, சிற்றூர்களிலோ 15. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "இல்லத்திலிருந்தே கற்கலாம், இணையத்திலே கற்கலாம்" என்று அறிவித்தனர். ஊருக்கு நூறு வீடு. பதினைந்து வீட்டுக்குப் பாடம். எண்பத்தைந்து வீட்டுக்கு ஏக்கம்!

சென்னிமலையிலும் சுற்றிலுமுள்ள சிற்றூர்களிலும் அந்நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதை ஊரே அறியும். ஒரு வீடு, ஒரு தறி, ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள். கைபேசி தந்தையினுடையது. நூல் வாங்கப் போகும்போதும், நெய்த போர்வையைச் சங்கத்திலே ஒப்படைக்கப் போகும்போதும், பெருந்துறைக்கு வேலை தேடிப் போகும்போதும் அது அவருடனேயே போய்விடும். பாடம் காலையிலே வரும்; கைபேசி இரவிலே வரும். வந்தாலும் இணையம் இலவசமா? நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து விற்கும் பண்டமல்லவா அது! மூத்தவனுக்கு முந்நாள் போதாது, இளையவளுக்கு எஞ்சியது ஏதுமில்லை. அலைவரிசை கிடைக்காத ஊரிலே, பாடம் கேட்க மேட்டுக்கு ஓடிய பிள்ளைகளும் உண்டு.

அரசு கைகட்டி நின்றது என்று நாம் சொல்லவில்லை. 2019-ல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அந்நாளிலே பேருதவி புரிந்தது. 2006-ல் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தினால் ஏழை வீட்டிலும் பெட்டி இருந்தது. எனவே பாடம் எட்டியது. பொருள் எல்லோரிடமும் இருந்தால் பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ! எனினும், பெட்டி பேசும், கேளாது. "ஐயா, புரியவில்லை" என்று பிள்ளை கை தூக்கினால் அதற்குத் தெரியாது. பிள்ளை பசியிலே கண்ணயர்ந்தாலும், பக்கத்து அறைத் தறியிலே அமர்ந்துவிட்டாலும், அது பாடத்தை முடித்துக்கொண்டு வணக்கம் கூறி விடைபெறும்.

பின்வாசல் வழியே வந்த குலக்கல்வி

பிள்ளை தறியிலே அமர்ந்துவிட்டான் என்றோம். இங்கேதான் நெஞ்சு பதறுகிறது. பள்ளி இல்லை, பாடம் எட்டவில்லை, வீட்டிலே வருமானம் இல்லை. பத்து வயதுப் பிள்ளை என்ன செய்வான்? தார் சுற்றினான். பாவு பிடித்தான். சற்று வளர்ந்தவன் திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்குப் பேருந்து ஏறினான். பெண் பிள்ளையோ, தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படியிலே நின்றாள்.

இந்தக் காட்சியைத் தமிழ்நாடு இதற்கு முன்பு கண்டதில்லையா? கண்டிருக்கிறது! 1953-ல் இராசகோபாலாச்சாரியார் சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளிலே ஒரு திட்டம் புகுத்தப்பட்டது: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். நெசவாளி மகன் நெசவு, வண்ணார் மகன் வெளுப்பு, குயவர் மகன் சக்கரம்! குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி நாடே கொதித்தெழுந்தது. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் தெருவிலே இறங்கின. ஆளும் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954-ல் அவர் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது.

முன்வாசல் வழியே, ஆணையேந்தி வந்த குலக்கல்வியை விரட்டிய நாடு இது. 2020-லோ அது பின்வாசல் வழியே, எவருடைய ஆணையுமின்றி, ஓசைப்படாமல் நுழைந்தது. "நெசவாளி மகனே, நெய்யப் போ" என்று எவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "கைபேசி உள்ளவன் கற்கலாம்" என்றனர், அவ்வளவே! மீதியைத் தறியும் வறுமையும் பார்த்துக்கொண்டன. அன்று பாதி நேரமாவது பள்ளி இருந்தது. இந்நாளிலோ முழுநேரமும் தறிதான். கொள்ளைநோய்க் காலத்து நெருக்கடியிலே, வேறு வழியின்றி நேர்ந்தது அது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால், நெருக்கடியிலே நேர்ந்த அந்தக் கொடுமையையே நிலையான கொள்கையாக்கி, "எதிர்காலக் கல்வி" என்று ஏட்டிலே எழுதுகின்றனரே, அதை எப்படிப் பொறுப்பது? 2020 சூலையிலே நடுவண் அரசு ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை, இணையவழிக் கல்விக்கெனத் தனிப் பகுதியே வகுத்தது. 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்துப் பாடங்களிலே நூற்றுக்கு 40 வரை இணையத்திலே முடித்துக்கொள்ளலாம் என்று விதி செய்தது. காய்ச்சலுக்குக் குடித்த கஞ்சியை இனி அன்றாட விருந்து என்கின்றனர்!

விளைந்தது என்ன?

விதைத்ததன் விளைச்சலையும் காண்போம். சிற்றூர்ப் பிள்ளைகளின் படிப்பை அளந்து ஆண்டறிக்கை வெளியிடும் 'அசர்' ஆய்வு கூறுகிறது: தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவர் 2018-ல் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர், 2022-ல் ஏறத்தாழ 25 பேர். நாற்பதே குறைவு என்று நாணியிருக்க வேண்டிய நாம், இருபத்தைந்துக்கு இறங்கினோம். தமிழ்நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதியா இது? உலகைப் பார்த்தாலும் இதே கதைதான். பள்ளிகள் மூடியிருந்தபோது தொலைவழிக் கல்வி எட்டாமற்போன மாணவர்கள் குறைந்தது 50 கோடிப் பேர் என்றும், ஏழையிலும் ஏழைகளைக் கணக்கிட்டால் நூற்றுக்கு 72 பேருக்கு அது எட்டவில்லை என்றும், 2023-ல் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எடுத்துரைத்தது.

இடிந்ததைக் கட்டியது எது? இன்னொரு செயலியா? இன்னொரு திரையா? இல்லை. 2021 அக்டோபர் 27-ல், விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்திலே, அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி வைத்தார். ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர். அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாலை நேரத்திலே தெருத் திண்ணையிலும், மரத்தடியிலும், சமுதாயக் கூடத்திலும் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, ஆனா ஆவன்னாவிலிருந்து அவர்கள் தொடங்கினர். மனிதர் இல்லாமையால் வந்த நோய்க்கு மருந்தும் மனிதரே என்பதை நாடு கண்கூடாகக் கண்டது. கண்ட பின்னரும் கருத்தில் ஏறாவிடில், குறை கண்ணிலா, கருத்திலா?

மறுப்புரைகளும் மறுமொழியும்

"அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு யார் வீட்டிலே கைபேசி இல்லை?" என்று கேட்பர். கேட்கட்டும். மெய்தான், நாடு முழுதும் கைபேசி பரவியிருக்கிறது. அதே 'அசர்' ஆய்வு 2024-ல் பதினான்கு முதல் பதினாறு வயதுவரையிலான சிற்றூர்ப் பிள்ளைகளைக் கேட்டறிந்தது. முந்தைய வாரத்திலே படிப்புக்காகத் திறன்பேசியைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 57. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 76. கருவி கையிலே வந்துவிட்டால் கல்வி தானே வந்துவிடும் என்பார்க்கு இந்தக் கணக்கே மறுமொழி. இன்னொன்றும் கேளுங்கள்: திறன்பேசியை இயக்கத் தெரிந்தவருள், தமக்கெனச் சொந்தமாக ஒன்று வைத்திருப்போர் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 36; பெண் பிள்ளைகளில் 27. அண்ணனுக்குக் கருவி, தங்கைக்குக் காத்திருப்பு! ஏடு எட்டாதே என்று மனு பெண்ணுக்குச் சொன்னார். திரை தொடாதே என்று வீடு சொல்கிறது. பள்ளி மணி அடித்தால் மட்டுமே இருவரும் ஒரே பெஞ்சிலே, ஒரே பாடத்தின் முன்னே, ஒரே நேரத்தில் அமர்கின்றனர்.

"நல்லாசிரியர் ஒருவர் பேசினால் நூறாயிரம் பேர் கேட்கலாமே, எதற்கு இத்தனை ஆயிரம் ஆசிரியர்?" என்பர். புதிய பேச்சு என எண்ண வேண்டாம். நூற்றாண்டு கடந்த பேச்சு! திரைப்படக் கருவியைக் கண்ட எடிசன், 1913-லேயே, பள்ளிக்கூடங்களிலே புத்தகம் விரைவில் வழக்கொழியும், பத்தாண்டுக்குள் எல்லாம் மாறும் என்றார். மாபெரும் அறிவியலாளர், ஆயினும் அந்தக் கணிப்பு பலிக்கவில்லை. வானொலி வந்தபோதும் இதையே சொன்னார்கள். தொலைக்காட்சி வந்தபோதும் சொன்னார்கள். கருவிகள் வந்தன, நின்றன, வகுப்பறைக்கு உதவின. ஆசிரியர் போகவில்லை. ஏன்? கேட்க வைப்பது வேறு, கற்க வைப்பது வேறு. பின்னக் கணக்குப் புரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு, எங்கோ ஒரு நகரத்திலே பதிவு செய்யப்பட்ட குரல், பீட்சாவை எட்டாக வெட்டிக் காட்டுகிறது. அதை அந்தப் பிள்ளை பார்த்ததுமில்லை, தின்றதுமில்லை. எம் ஊர் ஆசிரியரோ, "உங்கப்பா நெய்யும் போர்வையிலே எட்டுக் கட்டம் இருந்தால், மூன்று கட்டம் சிவப்பு, சிவப்பு எத்தனை பங்கு?" என்கிறார். "எட்டிலே மூன்று" என்று பளிச்செனப் பதில் வருகிறது! இந்தக் கேள்வியைக் கேட்க அந்தப் பிள்ளையின் வீட்டை அறிந்திருக்க வேண்டும். வீட்டை அறிய ஊரிலே இருக்க வேண்டும்.

"தனியார் நிறுவனங்கள் தரமான பாடம் தருகின்றனவே" என்பர். தந்த கதையையும் பார்த்தோம். 2011-ல் தொடங்கிய பைஜூஸ் நிறுவனம், இந்தியக் கிரிக்கெட் அணியின் மார்பிலே பெயர் பொறித்தது. 2022-ல் உலகக் கால்பந்துப் போட்டிக்கே புரவலராயிற்று. அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று சந்தை பறைசாற்றியது. அதே ஆண்டு திசம்பரில், பெற்றோரை வற்புறுத்திப் பாடம் விற்கின்றனர் என்ற புகாரின்பேரில், குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்கு அழைப்பாணை அனுப்பியது. 2024 சூலையிலே, கடன் தீர்க்காத வழக்கில் நொடிப்பு நடவடிக்கை அதன்மீது தொடங்கிற்று. பெட்டிக்கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். பிள்ளையின் பள்ளிக்கூடமே ஒரு கடையாகிவிட்டால், கடை மூடும் நாளில் பிள்ளை எங்கே போவான்? எம் ஊர் அரசுப் பள்ளி எந்தப் பங்குச் சந்தையிலும் ஏறியதில்லை. எனவே எந்தப் பங்குச் சந்தையிலும் விழவும் முடியாது.

"மேனாடுகள் எல்லாம் திரைக்கு மாறிவிட்டன" என்பர். ஸ்வீடனைக் கேளுங்கள்! திரையைத் தொடக்கப் பள்ளி வரை கொண்டுபோன முன்னோடி நாடு அது. 2023-ல் அந்நாட்டு அரசு, அச்சுப் புத்தகத்தையும் கையெழுத்துப் பயிற்சியையும் மீண்டும் பள்ளிக்குக் கொண்டுவரப் பணம் ஒதுக்கியது. முன்னே போனவர் திரும்பி வருகையில், பின்னே போகிறவர் அவரிடம் வழி கேட்க வேண்டாமா?

பள்ளிக்கூடம் எனில் பாடம் மட்டுமா?

இவற்றுக்கெல்லாம் மேலான ஒன்றையும் எண்ணிப் பாருங்கள். 1920-ல் நீதிக்கட்சியார் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகலுணவு படைத்தனர். 1956-ல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. ஏன் செய்தனர்? பசித்த வயிற்றிலே பாடம் நில்லாது என்று அறிந்தனர். அது ஒரு காரணம். எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே பானைச் சோற்றை உண்ண வேண்டும் என்பதும் அதன் விளைவு. தெருவிலே தனித் தெரு, கிணற்றிலே தனிக் கிணறு, சுடுகாட்டிலே தனிச் சுடுகாடு என்று பிரிந்து கிடக்கும் நாட்டிலே, பிரியாமல் அமரும் ஓரிடம் பொதுப் பள்ளி. அங்கும் சாதி எட்டிப் பார்க்கிறது, அறிவோம். பார்த்தாலும், பிடித்துக் கேட்க அங்கே ஆசிரியர் உண்டு, சட்டமும் உண்டு. வீட்டுக்குள்ளே, திரைக்கு முன்னே, தனித்தனியே அமர்ந்து படிக்கும் பிள்ளைகளோ, பக்கத்துத் தெருப் பிள்ளையின் தோளைத் தொடாமலே வளர்ந்து பட்டம் பெறுவர். தீண்டாமைக்கு இதைவிட வசதியான வகுப்பறை உண்டோ? திரை கற்பிக்கும், சோறு போடாது. திரை காட்டும்; பக்கத்திலே அமர்த்தாது.

நாம் கேட்பவை

அப்படியாயின் பொறியை என்ன செய்வது? பள்ளிக்குள்ளே கொண்டுவாருங்கள் என்கிறோம்! இதயம் துடிப்பதை, எரிமலை வெடிப்பதை, கோள்கள் சுழல்வதை வகுப்பிலே பெருந்திரையில் காட்டுங்கள். பிள்ளைகளின் கண் விரிவதை நாம் பார்த்திருக்கிறோம். பார்வையற்ற பிள்ளைக்குப் பாடத்தைப் படித்துக் காட்டும் கருவியைக் கொடுங்கள். பாடநூலிலே அச்சிட்ட விரைவுக் குறியீட்டைத் தொட்டால், ஏற்கெனவே கேட்ட பாடத்தை மீண்டும் கேட்கலாம் என்றால் நன்றே. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விழையும் இருபது வயதுத் தறித் தொழிலாளிக்கு இணையவழிப் பட்டம் ஒரு பேறு. ஐயமில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு.

முதலாவது: பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் கருவியும் இணையமும் அரசு செலவிலே வந்து சேரும்வரை, எந்தப் பாடத்தையும் எந்தத் தேர்வையும் திரையிலே கட்டாயமாக்கக் கூடாது. 2025 மார்ச்சில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக மாநில வரவு-செலவுத் திட்டத்திலே அறிவித்தனர், நன்று. அந்தக் கை, கல்லூரிக்கு வராமலே நின்றுவிடக்கூடிய எட்டாம் வகுப்புப் பிள்ளை வரை நீள வேண்டும்.

இரண்டாவது: திறன்பலகை மாட்டும் முன்பு, காலியாயிருக்கும் ஆசிரியர் நாற்காலியை நிரப்புங்கள். ஐந்து வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் பள்ளியிலே, சுவரெல்லாம் திரை மாட்டி என்ன பயன்? இருக்கும் ஆசிரியரையும் தரவு ஏற்றும் எழுத்தராக்காதீர்கள். வருகைக்கு ஒரு பதிவு, சீருடைக்கு ஒரு பதிவு, மதிப்பீட்டுக்கு ஒரு பதிவு எனச் செயலிக்கு இரை போடவே பொழுது போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை முறையிட்டுள்ளன. பொறி ஆசிரியருக்கு ஊழியம் செய்யட்டும்; ஆசிரியர் பொறிக்கு ஊழியம் செய்யலாகாது.

மூன்றாவது: பாடம் தமிழிலே வரவேண்டும். 2025 அக்டோபரில், மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவைப் பாடமாக்கப் போவதாக நடுவண் கல்வி அமைச்சகம் அறிவித்தது. எந்த மொழியிலே அது பேசும்? வடமொழிப் பெயர் சூட்டிய ஆங்கிலப் பாடம் வருமேயானால், அது கொங்கு நாட்டுப் பிள்ளையின் நாவிலே எப்படி ஏறும்?

நான்காவது: பிள்ளையின் விவரம் விற்பனைச் சரக்காகலாகாது. கொள்ளைநோய்க் காலத்திலே பல நாட்டு அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகள் 160-க்கும் மேற்பட்டவற்றை மனித உரிமைக் கண்காணிப்பகம் ஆராய்ந்தது. நூற்றுக்கு 89, குழந்தைகளின் உரிமைக்கு ஊறு செய்யும் வகையிலே விவரம் திரட்டின அல்லது திரட்ட வல்லவையாயிருந்தன என்று 2022-ல் அறிவித்தது. இலவசம் என்று சொல்லிப் பாடத்தைக் கொடுத்துப் பிள்ளையை விலையாக எடுத்துக்கொள்ளும் வணிகம் வேண்டவே வேண்டாம்.

இவற்றைக் கேட்பதற்கு நெசவாளிக்கு உரிமை உண்டா என்பார்க்கு ஒரு செய்தி சொல்வோம். 1804-ல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்துக்காரரான ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளைக் கோத்துத் தறிக்குப் பூவேலை கற்பித்தார். துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. அந்த அட்டையைக் கண்டுதான் இங்கிலாந்து நாட்டுப் பாபேஜ், 1830-களில், தாம் வகுத்த கணக்குப் பொறிக்கும் அட்டையாலே ஆணையிடலாம் எனத் திட்டமிட்டார். அங்கிருந்து வளர்ந்தது இன்றைய கணிப்பொறி. ஜக்கார்டுப் பெட்டி ஏற்றிய தறி எம் ஊருக்குப் புதிதன்று. அட்டை கோக்கத் தெரிந்த கைகள் இங்கு உண்டு. கணிப்பொறிக்குப் பாட்டன் தறி! பேரன் மாளிகையிலே வாழ்கிறான். பாட்டன் வீட்டுப் பிள்ளைக்கோ அவனைத் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. இந்த உறவை நினைவூட்டிக் கேட்கிறோம்: பிச்சையாக அன்று, பங்காக!

சென்னிமலையிலே பிறந்த குமரன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வறுமையினால் தொடக்கக் கல்வியோடு நின்றவர். 1932-ல் திருப்பூரிலே கொடி பிடித்த கையோடு வீழ்ந்தார். அவர் படிப்பு நின்றதற்கு அயலானின் ஆட்சியைக் காரணம் காட்டினோம். இன்று ஒரு நெசவாளி மகள், திரை இல்லாத காரணத்தால் படிப்பை நிறுத்துவாளாயின், யாரைக் காரணம் காட்டுவது? ஆள்வோரே, அறிஞரே, சாலையைப் போடுங்கள், அகலமாகவே போடுங்கள், அதன்மீது எம் பிள்ளைகள் ஏறிச் செல்ல வண்டியும் தாருங்கள். அதுவரையிலும், அதற்குப் பின்னரும், படிக்கட்டின்மீது கடப்பாரை வைக்காதீர்கள். அதிலே ஒவ்வொரு கல்லும், யாரோ ஒருவர் போராடிப் பதித்த கல்!